பதினாலு கப்பல் அடிச்சது

எழுத்துத் தெரியாத காலத்தில் குலசிங்கத்துக்கு எழுத்தால் ஒரு வில்லங்கமும் வந்ததில்லை. நாற்பத்தொரு வயது வரைக்கும் பெருவிரலை மையில் ஒற்றி, காட்டின இடத்தில் அமத்திவிட்டு வீட்டுக்குப் போகிற மனுசனாய்த்தான் இருந்தார். அவரை ஒருவரும் மறித்ததில்லை. எழுதப் பழகின மூன்றாம் வருசம், தன் சொந்தக் கையால் எழுதின ஒரு வரிக்காக, துறைமுக வாசலில் வைத்து அவருடைய பாஸைப் பறித்தார்கள்.

பாஸ் என்பது படம் ஒட்டின ஒரு மஞ்சள் அட்டை. அது இல்லாமல் கேற்றைத் தாண்ட ஏலாது. கேற்றைத் தாண்டாவிட்டால் கப்பல் இல்லை, சரக்குத் தூக்குகிற விஞ்சு இல்லை, அடுப்பில் உலையும் இல்லை. எண்பத்தாறாம் ஆண்டு அது. அந்த அட்டை சட்டைப்பையில் இருக்கிறபடியால்தான் அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வெளிக்கிடுகிற ஒரு தமிழன் வழியில் ஆமி மறிக்கிற நாலு சென்றியைத் தாண்டி வேலைக்குப் போய் வர முடிந்தது. மனைவி இராசமலர் அதைத் தினமும் துணியால் துடைத்துக் கொடுப்பாள். சாமிப் படத்தைக்கூட அவள் வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் துடைப்பாள்.

எழுத்தை அவருக்குக் காட்டிக் கொடுத்தவளும் இராசமலர்தான். எண்பத்துமூன்று கலவரத்தில் வீடு எரிந்து, இரண்டரை மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் அகதியாய்க் கிடந்தார்கள். பிள்ளைகள் படிக்கிற வகுப்பறையில் ஒன்பது குடும்பம். சுவரில் கரும்பலகை சும்மா இருந்தது, சோக்கும் இருந்தது, வேலையும் இல்லை. "இஞ்சருங்கோ, சும்மா முகட்டைப் பாத்துக்கொண்டு கிடக்காமல் எழும்பி வாங்கோ" என்று அவள் 'அ'வில் தொடங்கினாள். பள்ளிக்கூடம் அகதி முகாமானபடியால்தான் குலசிங்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அதை நினைத்தால் அவருக்குச் சிரிப்பும் வரும், வயிறும் எரியும்.

பழகின எழுத்தை அவர் சும்மா விடவில்லை. புது வீட்டில் உப்புப் பேணியில் 'உப்பு' என்று எழுதினார். சீனிப் பேணியில், குடைக் கம்பில், சைக்கிள் மட்காட்டில், கோடரிப் பிடியில் எல்லாம் எழுதினார்.

"என்ர நெத்தியிலயும் இராசமலர் எண்டு எழுதிவிடுங்கோ. மாறிக் கீறிப் போயிடும்" என்றாள் அவள்.

"நெத்தி சின்னன். உன்ர பேர் நீட்டு" என்றார் அவர்.

இனி, அந்த ஒரு வரியை அவர் எழுதின கசற்றின் கதை. பட்டினத்தில் ரேடியோவும் ரீவியும் திருத்துகிற பக்கீர் கிண்ணியாக்காரர். ஆறு வருசம் குவைத்தில் இருந்துவிட்டு வரும்போது இரண்டு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். ரீவியில் கொழுவிவிட்டால் திரை கறுத்து, வெள்ளி பூத்து, ஆகாயத்தில் சண்டை தொடங்கும். முதற் பெட்டிக்கு ஒரு கைப்பிடி இருந்தது. வேலை விட்டு வீட்டுக்குப் போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்த குலசிங்கத்தின் கையில் பக்கீர் அந்தப் பிடியைக் கொடுத்தார். இருபது வருசம் விஞ்சு லீவரைப் பிடித்த கை அது. முன்னுக்குத் தள்ளினால் இறங்கும், பின்னுக்கு இழுத்தால் ஏறும் என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பத்து நிமிசத்தில் திரையில் இருந்த பகைக் கப்பலெல்லாம் பொடிப்பொடியாய்ப் போயிற்று.

"யா அல்லா! குலம், நான் ஆறு வருசமா விளையாடுறன், இந்த இடத்தக் கண்டதில்ல" என்றார் பக்கீர்.

இரண்டாவது பெட்டி அதைவிடப் பெரிய கெட்டிக்காரப் பெட்டி. கொம்பியூட்டர் என்று பேர். அதற்குக் கைப்பிடி இல்லை, தட்டச்சு மெசின்போல எழுத்துக் கட்டைகள்தான். அதற்குள்ளும் அதே ஆகாயம், அதே சண்டை.

"பெட்டிக்குப் பெட்டி முகந்தான் வேற. இதில கப்பலுக்குத் தோல் இல்ல, எலும்பு மட்டுந்தான் தெரியும்" என்றார் பக்கீர். உண்மைதான். கோட்டுக் கோடாய், கம்பியால் கட்டின மீன்கூடுபோல் கப்பல்கள் உருண்டு வந்தன. இங்கிலிஸ் எழுத்துத் தெரியாத குலசிங்கம் பாம்பு எழுத்தை அமத்தினால் மூக்கு மேலே, கத்தரிக்கோல் எழுத்தை அமத்தினால் மூக்குக் கீழே என்று பாடமாக்கினார்.

அந்த விளையாட்டு ஒரு கசற்றில் இருந்தது. ரேப் ரெக்கோடரில் போட்டால் ஐந்து நிமிசம் துருப்பிடித்த கப்பிபோலக் கீச்சிட்டுக் கத்தும்.

"என்ன நானா, இப்பிடிக் கத்துது?"

"அது அதிட எழுத்து. நமக்குத்தான் சத்தம். பெட்டி அத வாசிச்சுக்கிட்டு இரிக்கி."

அந்த வார்த்தை குலசிங்கத்துக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு கசற் கத்துகிற ஐந்து நிமிசமும் அவர் மரியாதையாய் வாய் பேசாமல் இருப்பார்.

ஒரு துறையில் சரக்கேற்றி, ஆகாயத்தால் கொண்டுபோய், வழியில் மறிக்கிற கள்ளரை அடித்து, மற்றத் துறையில் சேர்க்க வேண்டும். இதுதான் விளையாட்டு. துறை ஒரு பெரிய பெட்டிபோல ஆகாயத்தில் சுழன்றுகொண்டேயிருக்கும். அதில் ஒரு சின்ன வாசல். அது சுழல்கிற கணக்குக்கு நாமும் சுழன்று உள்ளே போக வேண்டும். பக்கீர் நூறு தரம் மோதிச் செத்தார். அலையில் ஆடுகிற கப்பலின் ஹட்ச் என்கிற சரக்கறை வாய்க்குள், ஆட்டத்தோடு ஆட்டமாய் மூட்டைக் கட்டை இறக்குகிறவருக்கு அது பெரிய காரியமாய்த் தெரியவில்லை. துறைக்குள் போனபிறகு நடந்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒரு கட்டையை அமத்தினால் போதும், சரக்கெல்லாம் இறங்கிவிட்டது என்று எழுத்து வந்தது, பக்கீர் அதை வாசித்துச் சொன்னார்.

"ஆர் நானா இறக்கினது?"

"ஒருத்தரும் இறக்கல்ல. தானா இறங்கும்."

"இருவது தொன் தானா இறங்குமோ? இதை எழுதினவன் ஒருநாளும் ஹட்ச்சுக்குள்ள இறங்கிப் பாராதவன். ஆகாயத்தில கள்ளன் இருக்கிறான், துறை இருக்கிது, மூட்டை தூக்கிற ஒரு மனிசன் இல்லை!"

"குலம், இது விளையாட்டு."

"விளையாட்டிலயும் எங்களைச் சேர்க்கேல்லைப் பாருங்கோ."

விட்ட இடத்தை இன்னொரு கசற்றில் பதிந்து வைக்கலாம். பக்கீர் அவருக்கென்று ஒன்று கொடுத்து, "மாறிப் போகாம அடையாளம் போட்டு நீங்களே வைச்சுக்கங்க" என்றார். துறைமுகத்தில் கட்டுக்கட்டாய் இறங்குகிற சரக்கையெல்லாம் எண்ணி எழுதுகிற பழக்கம். குலசிங்கமும் எண்ணி எழுதினார். பதினாறு கப்பல் அடித்தால் அடுத்த பதவி கிடைக்கும். அவர் பதினாலு அடித்திருந்தார். 'ஆகாயக் கப்பல்' என்று எழுத அந்தக் கடுதாசித் துண்டில் இடம் காணவில்லை. தனக்குத்தானே, 'கப்பல்' என்றால் போதாதா? இப்படி எழுதினார்:

கப்பல் அடிக்கிற கசற். 14 கப்பல் அடிச்சது. இன்னும் 2.

இராசமலர் அதைப் பார்த்தவள்தான். "ஒரு இடத்தில 'ல்'லுக்குப் புள்ளி விட்டிட்டீங்கள்" என்று வாங்கிப் புள்ளி வைத்துக் கொடுத்தாள். பிழை அவ்வளவுதான் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள்.

கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. வானம் கறுத்துக் கிடந்தது. கப்பல் அணைகிற ஜெட்டியில் சீமெந்துக் கப்பல் நின்றது. மழைக்கு முன்னம் இறக்கி முடிக்க வேண்டுமென்று எல்லோரும் அரை மணி முந்தியே கேற்றுக்கு வந்துவிட்டார்கள். வாசலில் நின்ற சீருடைக்காரன் புதியவன். குலசிங்கத்தின் பைக்குள் கை விட்டு, பிட்டுப் பார்சலைப் பிரித்து மணந்து பார்த்து, சாரத்தை உதறி, வேலை விட்டுப் போகிற வழியில் விளையாட வைத்திருந்த கசற்றை வெளியில் எடுத்தான். எழுத்தைக் கண்டதும், "மாத்தயா!" என்று உள்ளே கூப்பிட்டான்.

வந்தவர் ஞானசேகரம். கேற்றுக் கந்தோரில் எழுத்து வேலை பார்க்கிற கிளாக்கர். வாசல்காரருக்குத் தமிழ் வாசித்துச் சொல்கிற வேலையும் அவருக்குத்தான். பதினைந்து வருசமாய்க் குலசிங்கத்தின் பெருவிரலைப் பிடித்து மையில் ஒற்றினவர்.

"ஆற்ற எழுத்து இது?"

"என்ர எழுத்தய்யா" என்றார் குலசிங்கம். அந்த நேரத்திலும் கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்தது.

"நீ எப்ப எழுதப் பழகினனீ?"

ஞானசேகரம் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் வெளிறியது. ஒரு தரம் குலசிங்கத்தைப் பார்த்தார், ஒரு தரம் சீருடைக்காரனைப் பார்த்தார். பிறகு சொல்லுக்குச் சொல் சிங்களத்தில் சொன்னார். 'கப்பல்', 'பதினாலு', 'இன்னும் இரண்டு'. துறைமுகத்துச் சிங்களம் குலசிங்கத்துக்குக் காதால் தெரியும். அப்போதுதான் தான் எழுதினது என்ன என்று அவருக்கே கேட்டது.

"ஐயா, அது ஆகாயக் கப்பல்! ரீவியில விளையாடிறது!"

"அப்பிடி எழுதேல்லையே."

"எழுதேல்லைத்தான். என்னை உங்களுக்குத் தெரியாதே?"

"எழுதினதைத்தான் நான் வாசிக்க ஏலும் குலசிங்கம்" என்று ஞானசேகரம் கண்ணாடியைக் கழற்றினார்.

கசற்றை ரேப் ரெக்கோடரில் போட்டார்கள். துருப்பிடித்த கப்பி கத்தியது. நின்றவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். சங்கேதம் என்றான் ஒருவன். குண்டாயிருக்கும் என்றான் இன்னொருவன். குலசிங்கத்தின் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை உருவி, உள்ளே இருந்த அதிகாரியின் மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார்கள். அவரைச் சுவரோரம் கிடந்த ஒரு மரவாங்கில் இருத்தினார்கள்.

இரண்டு மணித்தியாலம். கேற்றுக்கு வெளியே மற்றத் தொழிலாளிகள் ஒவ்வொருவராய்ச் சோதனை முடிந்து உள்ளே போனார்கள். தெரிந்த முகங்கள் எல்லாம் அவரைப் பார்க்காத மாதிரிப் போயின. அவர்களில் குற்றமில்லை. ஆனாலும் சுட்டது.

பிறகு, குலசிங்கம் கடையைச் சொன்னபடியால், ஜீப்பில் பக்கீரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு கையில் கொம்பியூட்டர்ப் பெட்டி, மற்றக் கையில் விளையாட்டுக் கசற், பின்னால் ஒருவன் ரீவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். பக்கீரின் தொப்பி சரிந்து கிடந்தது. கிட்ட வந்ததும் உதடு அசையாமல், "உப்புப் பேணியோட நிப்பாட்டியிருக்கலாமே குலம்" என்றார்.

மேசையில் எல்லாவற்றையும் கொழுவினார்கள். விளையாட்டுக் கசற் ஐந்து நிமிசம் கத்தியது. அதிகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திரை கறுத்தது, வெள்ளி பூத்தது, கம்பிக் கப்பல் ஒன்று உருண்டு வந்தது.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். என்னவோ சொன்னார்.

"இது தனக்குத் தெரியுமாம்" என்றார் ஞானசேகரம். "கொழும்பில அக்கா வீட்டில இருக்காம். அது வேற பெட்டியாம், நிறமெல்லாம் வருமாம்."

குலசிங்கத்துக்கு நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. இனிப் பாஸ் வந்துவிடும் என்று எழும்பியும் நின்றார். ஆனால் அதிகாரி கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளையாடத் தொடங்கினார். சீருடைக்காரர் நாலு பேர் பின்னால் கூடினார்கள். அதிகாரி துறை வாசலில் மோதினார். திரும்பவும் மோதினார். மூன்றாம் தரமும் மோதிவிட்டு, குலசிங்கத்தைப் பார்த்து விரலைச் சொடுக்கி, நீ காட்டு என்றார்.

பாஸ் அந்த மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. அதற்கு மேலே பெட்டி. குலசிங்கம் குனிந்து நின்றபடியே பாம்பு எழுத்தையும் கத்தரிக்கோல் எழுத்தையும் அமத்தினார். சுழல்கிற துறையோடு சேர்ந்து சுழன்று, நூல் கோத்தமாதிரி உள்ளே போனார். பின்னால் நின்றவர்கள் கை தட்டினார்கள். அதிகாரி அவருடைய முதுகிலும் ஒரு தட்டுத் தட்டினார்.

தட்டிவிட்டு, ஞானசேகரத்துக்கு ஏதோ சொல்லி எழுதுவித்தார். ஒரு முழுப் பக்கம், சிங்களத்தில். அதைக் குலசிங்கத்தின் முன்னால் வைத்து, ஊதா மைப்பெட்டியையும் திறந்து வைத்தார்கள்.

"பெருவிரலை வை. பாஸைத் தருவினம்" என்றார் ஞானசேகரம்.

"என்ன எழுதியிருக்கு?"

"வழமையாய் எழுதிறதுதான். வைச்சிட்டு வேலைக்கு ஓடு."

"வாசியுங்கோ ஐயா."

"இத்தனை வருசமும் நீ கேட்டதில்லையே."

"இத்தனை வருசமும் எனக்கு எழுத்துத் தெரியாது. வாசியுங்கோ."

ஞானசேகரம் குரலைத் தாழ்த்தி வாசித்தார். கப்பல்களைத் தாக்குவது சம்பந்தமான எழுத்தைத் துறைமுகத்துக்குள் கொண்டுவர முயன்றதை ஒத்துக்கொள்கிறேன். மன்னிப்புக் கேட்கிறேன். இனிமேல் இப்படியான காரியங்களில் ஈடுபடமாட்டேன்.

குலசிங்கத்துக்கு உள்ளங்காலிலிருந்து கோபம் ஏறியது. அறைக்குள் ரீவி இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கொண்டுபோய்ச் சேர்த்த கப்பல் துறைக்குள் பத்திரமாய் நின்றது. விளையாட்டு என்று தெரியாத ஒரு ஆள் இப்போது அந்த அறைக்குள் இல்லை. ஆனாலும் கடுதாசியில் அது தாக்குதல். அந்தக் கடுதாசி பைலுக்குள் கிடக்கும். அடுத்த சுற்றிவளைப்பில் ஒருவன் பைலைத் திறப்பான். அவனுக்கு ரீவியும் தெரியாது, கைதட்டலும் கேட்காது. ஒத்துக்கொண்ட பெருவிரல் மட்டும்தான் தெரியும்.

"விளையாட்டெண்டு தெரிஞ்சுதானே அவர் விளையாடினவர்? மூண்டு தரம் துறையில மோதினவர். அவரிட்ட ஆர் எழுதி வாங்கினது?"

பக்கீர் முகட்டைப் பார்த்தார். அதிகாரி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். ஞானசேகரம், அவனுக்குத் தலை சுற்றுகிறதாம் என்று சிங்களத்தில் சொன்னார்.

"நான் அப்பிடிச் சொல்லேல்லை!" குலசிங்கம் மேசையில் கையை ஊன்றினார். "ஐயா, காலமை நான் எழுதினதை எழுத்துக்கெழுத்து வாசிச்சுக் குடுத்தனீங்கள். இப்ப நான் சொல்லிறது மட்டும் உங்களுக்கு வேற மாதிரிக் கேக்குதோ?"

"சத்தம் போடாதை. பாஸ் இல்லாட்டி என்ன செய்வாய்? வீட்டில மனிசி இருக்கிறா."

"அவதான் எனக்கு எழுத்துக் காட்டினவ. அதுவும் அகதி முகாமில. எழுதப் பழகின கையால இதில பெருவிரல் வைச்சிட்டு அவவின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது? வைக்க ஏலாது. பாஸை நீங்களே வைச்சிருங்கோ."

சொல்லிவிட்டார். வாங்கில் போய் இருந்தார். லாச்சியைப் பார்க்கவில்லை.

அந்த நேரம் கங்காணி சோமசேகரம் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். சீமெந்துத் தூள் படிந்து தலை நரைத்தவர்போல் இருந்தார். "இரண்டாம் ஹட்ச் காலமை தொடக்கம் சும்மா கிடக்குது சேர்! கட்டின மூட்டை கட்டினபடி கிடக்குது. காப்டன் குதிக்கிறான். மழை ஜெட்டிக்கு மேல நிக்குது. எங்கட விஞ்சுக்காரன் எங்க?" அவர் சிங்களத்திலும் தமிழிலும் கலந்து கத்தினார்.

வேறு ஆளைப் போடச் சொன்னார் அதிகாரி.

"வேற ஆள்? நாலு பேரில இரண்டு பேர் போன மாசம் குடும்பத்தோட இந்தியாவுக்கு வள்ளம் ஏறியிட்டாங்கள். ஒருத்தன் காய்ச்சலில. தெரியாதவன் லீவரைப் பிடிச்சால் மூட்டை ஜெட்டியில இறங்காது, கீழ நிக்கிறவன்ர தலையிலதான் இறங்கும்."

மேசையில் ரெலிபோன் அடித்தது. மறுமுனையில் யாரோ பெரியவர் கத்துவது வாங்கிலிருந்த குலசிங்கத்துக்கும் கேட்டது. அதிகாரி நிமிர்ந்து நின்று, "சேர், சேர்" என்றார். ரெலிபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டே லாச்சியைத் திறந்து, பாஸை எடுத்து எறிந்தார். அது மேசையில் வழுக்கி நிலத்தில் விழுந்தது. போ என்று கையைக் காட்டினார். பெட்டியைக் கடைக்காரன் கொண்டுபோகலாம், குலசிங்கத்தின் கசற் மட்டும் இங்கே கிடக்கட்டும் என்றார்.

தானாக இறங்குகிற சரக்கு ரீவிக்குள்தான் என்று பக்கீர் பிறகு சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அப்போது ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

குலசிங்கம் குனிந்து பாஸை எடுத்தார். வேட்டித் தலைப்பால் துடைத்துச் சட்டைப்பையில் வைத்தார். ஆனால் போகவில்லை.

"கசற்றை எடுத்ததெண்டு எழுதித் தாங்கோ."

"உனக்கென்ன விசரே? வா!" என்று கங்காணி கையைப் பிடித்து இழுத்தார்.

"கேற்றில எடுக்கிற சாமானெல்லாம் மேசையில கிடக்கிற அந்தக் கொப்பியில பதியிறவை. இதையும் பதிய வேணும்."

"நான் பதியிறன், நீ போ" என்றார் ஞானசேகரம்.

"நீங்கள் வேண்டாம் ஐயா. நான் எழுதிறன்."

கொப்பியைத் தன் பக்கம் திருப்பினார். பேனையை லீவர்போல இறுக்கிப் பிடித்து எழுதத் தொடங்கினார். அவருடைய எழுத்து மெதுவான எழுத்து. 'ஆ'வுக்குச் சுழி போடவே நேரமெடுத்தது. கங்காணி கத்தினார். வெளியே இடி உருண்டது. இந்த முறை இடம் தாராளமாய் இருந்தது, ஒரு சொல்லும் விடவில்லை. 'கப்பல்' என்று எழுதி முடித்து, 'ல்'லுக்கு வைத்த புள்ளியில் கடுதாசியே துளைத்துவிட்டது.

முடித்து, கீழே பேரெழுதி, கொப்பியை ஞானசேகரத்திடம் நீட்டினார்.

"வாசியுங்கோ ஐயா. அவருக்கு விளங்கிற பாஷையில. எழுதினபடி."

அதிகாரி ரெலிபோனை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானசேகரம் கண்ணாடியைப் போட்டார். தமிழில் ஒரு வரி, சிங்களத்தில் ஒரு வரியாய் வாசித்தார்.

"கசற் ஒண்டு. ஆகாயக் கப்பல் விளையாட்டு. இஞ்ச இருக்கிற எல்லாரும் விளையாடிப் பார்த்தது..."

நிறுத்தினார். நெற்றியைத் துடைத்தார்.

"மிச்சத்தையும் வாசியுங்கோ."

"குலசிங்கம், காணும்..."

"எழுதினதைத்தான் வாசிக்கிற ஆள் எண்டு காலமை நீங்கள்தானே சொன்னனீங்கள்."

மழையின் முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன. ஹட்ச்சை மூடச் சொல்லிக் கத்திக்கொண்டு கங்காணி வெளியில் ஓடினார். குலசிங்கம் அசையவில்லை. ஞானசேகரம் அதிகாரியின் முகத்தைப் பாராமல், மிச்சத்தையும் வாசித்தார்.

"விளையாட்டெண்டு தெரிஞ்சும் திருப்பித் தரேல்லை."